பல வருஷம் கழிச்சு மறுபடி எலக்ட்ரிக் கிடார்: எதை வாங்கலாம்?

பீளமேடுவாசி (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். காலேஜ் நாள்ல லைட் மியூசிக் குழுவுல ரிதம் கிடார் வாசிச்சேன். வேலை, கல்யாணம், குழந்தைன்னு ஆனதும் கிடார் கைவிட்டுப் போச்சு. இப்போ வயசு 47. மறுபடி தொடங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. இந்தத் தடவை எலக்ட்ரிக்தான்.

நிலைமை இது. அபார்ட்மென்ட் வீடு. ராத்திரி ஒன்பதுக்கு மேலதான் நேரம் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகக் கூடாது. எல்லாம் சேர்த்து பட்ஜெட் 50,000 ரூபாய். வாசிக்க நினைக்கறது, எண்பதுகள் சினிமாப் பாட்டுல வர்ற மாதிரி சுத்தமான கார்டு வாசிப்பு, கொஞ்சம் ப்ளூஸ். பொண்ணு கர்நாடக சங்கீதம் கத்துக்கறா. அவ பாடும்போது கூட நாலு வரி வாசிக்க முடிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவேன். இடது கை சுண்டுவிரல் முன்ன மாதிரி விரியறதில்ல.

மனசுல இருக்கறது மூணு: ஸ்குவையர் கிளாசிக் வைப் 50ஸ் ஸ்ட்ராட், யமஹா பசிஃபிக்கா 112வி, எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட். எதுன்னு சொல்றதோட ஏன்னும் சொல்லுங்க.

ஆறாம்தந்தி (சென்னை)

நல்வரவு சார். மூணுமே நல்ல கிடார். ஆனா முதல்ல காசைப் பிரிச்சுப் பாருங்க. எலக்ட்ரிக் கிடார் மட்டும் வாங்கினா பாதி வாத்தியம்தான் வீட்டுக்கு வரும். ஆம்ப் (ஒலியைப் பெருக்கற பெட்டி) வேணும், இல்லேன்னா ஹெட்போன் ஆம்ப்பாவது வேணும். கேபிள், பை, ஸ்ட்ராப், ட்யூனர், ஒரு செட்டப் (தந்தி உயரம், நெக் எல்லாம் சரி பண்ற வேலை) கூலி எல்லாம் சேர்ந்து 12,000-லிருந்து 15,000 வரை போயிடும். மிச்சம் 35,000. அந்தக் கணக்குல லெஸ் பால் ஸ்டாண்டர்ட் அடங்காது. கிளாசிக் வைப் புதுசா வாங்கினா கிடாரோட காசு தீர்ந்துடும். பசிஃபிக்கா அடங்கும். விலை கடைக்குக் கடை மாறுது, கேட்டுப் பாருங்க.

வாசிச்சுப் பார்க்காம வாங்காதீங்க. சென்னை வந்தா அண்ணா சாலை மியூசி மியூசிக்கல்ல ஆரம்பிக்கலாம். 1842-லேர்ந்து இருக்கற கடை. எங்க போனாலும் முதல்ல ஆம்ப்ல மாட்டாம வாசிங்க. முதல் ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்க பதிச்சிருக்கற கம்பி) எஃப் பார் கார்டு (ஒரே விரலால எல்லாத் தந்தியையும் அழுத்தறது) பிடிங்க. கை வலிச்சா உடனே "எனக்கு வயசாயிடுச்சு"ன்னு நினைச்சுக்காதீங்க. நட் (நெக் நுனியில தந்தி தங்கற சின்னப் பட்டை) உயரமா இருக்கலாம். தந்தியை ரெண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூணாவதுக்கும் நடுவுல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. மெல்லிசா ஒரு கோடு வெளிச்சம் தெரிஞ்சா சரி. விசிட்டிங் கார்டு நுழையற அளவு இடம் இருந்தா நட்டைத் தேய்க்கணும். அது சின்ன வேலைதான். அதுக்காக ஒரு கிடாரையே ஒதுக்க வேண்டாம்.

இசைப்பொறி (மதுரை)

லெஸ் பால் வாங்குங்கண்ணே. மூணு காரணம் சொல்றேன். ரெட்டைக் காயில் வெச்ச ஹம்பக்கர் பிக்கப் (தந்தி அதிர்வைப் பிடிக்கற காந்தக் கருவி), அதனால இரைச்சல் கிடையாது. ஸ்கேல் (நட்டுலேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் தந்தியோட நீளம்) 24.75 அங்குலம், ஸ்ட்ராட்டோட 25.5-ஐ விடக் குறைவு, விரல் விரியாதவங்களுக்கு ஏத்தது. மூணாவது, அதைக் கையில எடுத்தாலே வாசிக்கணும்னு தோணும். இத்தனை வருஷம் கழிச்சு வாங்கறீங்க, மனசுக்குப் பிடிச்சது சுவத்துல தொங்கினாத்தான் தினமும் எடுப்பீங்க. காசு பத்தலேன்னா மூணு மாசம் தள்ளி வாங்குங்க. பாதி மனசோட வாங்கினது மூலைக்குப் போயிடும்.

பட்டறைக்காரர் (திருச்சி)

கிடார் ரிப்பேர், செட்டப் வேலை செய்றவன். பெயரை வெச்சு யோசிக்கறதை ஒரு வாரம் நிறுத்தி வையுங்க சார். திரும்ப வாசிக்க வர்றவங்க கிடாரைத் தொடாம விடறதுக்கு நான் பார்த்த காரணம் ரெண்டுதான். ஒண்ணு, நெக் கைக்கு ஒத்து வரல. இன்னொண்ணு, செட்டப் பண்ணாமலே வாசிக்கறாங்க. பிக்கப் சரியில்லைன்னு கிடாரை விட்டவர் என் பட்டறைக்கு வந்ததில்ல.

நெக்ல பார்க்க வேண்டியது அகலம், வளைவு, ஃப்ரெட் நுனி. பசிஃபிக்கா 112வி நட் அகலம் 41 மி.மீ., ஸ்ட்ராட் 42, லெஸ் பால் 43. எழுத்துல பார்த்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். விரல் தடிமனா இருக்கறவங்க ஓப்பன் டி கார்டு பிடிச்சா ஒரு மில்லிமீட்டர் என்னன்னு தெரியும். வளைவுன்னா ஃப்ரெட்போர்டு மேல்பக்கத்தோட ஆரம். கிளாசிக் வைப்ல 9.5 அங்குலம், லெஸ் பால்ல 12, பசிஃபிக்காவுல 13.75. ஆரம் குறைஞ்சா வளைவு அதிகம், கார்டு பிடிக்கச் சுகம். ஆனா தந்தியைத் தாழ்வா வெச்சு நல்லா இழுத்து பெண்ட் பண்ணினா மேல் ஃப்ரெட்ல இடிச்சு ஒலி நின்னுடும். ஆரம் கூடினா பலகை தட்டை, பெண்ட் சுத்தமா வரும்.

ஃப்ரெட் நுனியை இடது உள்ளங்கையால தடவிப் பாருங்க. நெக்கோட ரெண்டு ஓரத்துலயும் மேலேர்ந்து கீழ வரைக்கும் கையை மெதுவா ஓட்டுங்க. கம்பி குத்தற மாதிரி இருந்தா, ஏசி கடையில மரம் காஞ்சு சுருங்கியிருக்கு, உலோகம் சுருங்காம வெளிய நிக்குதுன்னு அர்த்தம். அரம் போட்டுச் சரி பண்ணலாம். ஆனா பக்கத்துலயே குத்தாத பீஸ் இருந்தா அதை எடுங்க. ஒரே மாடல்ல ரெண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்காது. நீங்க தேர்ந்தெடுக்க வேண்டியது மாடல் இல்ல, அந்த ஒரு பீஸ்.

அப்புறம் கிடாரைத் துப்பாக்கி குறி பார்க்கற மாதிரி பிடிச்சு, பாடி பக்கத்துலேர்ந்து நெக் ஓரமா ஒரு கண்ணால பாருங்க. லேசா முன்பக்கம் குழி விழுந்திருக்கணும், முறுக்கிக்கிட்டு இருக்கக் கூடாது. குழி அளக்க, தந்தியை முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் ஒரே நேரம் அழுத்துங்க. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் கிட்ட கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா நல்லது. கூடக் குறைய இருந்தா டிரஸ் ராட் (நெக்குக்குள்ள இருக்கற உலோகக் கம்பி) திருப்பினா சரியாகும். முறுக்கு இருந்தா வாங்காதீங்க, அது திரும்பாது.

இரைச்சலைப் பத்தித் தம்பி சொன்னது சரி. சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள் பிக்கப்) நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டோட முணுமுணுப்பை அப்படியே பிடிக்கும். ஹம்பக்கர்ல ரெண்டு காயில், ஒண்ணுக்கு எதிர்ப்புறமா சுத்தி, காந்தத்தையும் திருப்பி வெச்சிருப்பாங்க. தந்தியோட ஒலி கூடும், இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அதுக்காக லெஸ் பால்தான்னு கிடையாது. பசிஃபிக்கா 112வி-லயும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இருக்கு. டோன் குமிழை மேல இழுத்தா ஒரு காயில் மட்டும் வாசிக்கும். நீங்க சொன்ன சுத்தமான கார்டுக்கு அது உபயோகப்படும்.

பீளமேடுவாசி

பட்டறைக்காரர் அண்ணா, இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல. ரொம்ப நன்றி. கடைக்கு எழுதி எடுத்துட்டுப் போறேன். என் விரல் தடிமன்தான். இசைப்பொறி சொல்ற ஸ்கேல் விஷயம் என் சுண்டுவிரலுக்கு உண்மையிலேயே உதவுமா?

ஸ்காபரோக்குளிர் (ரொறன்ரோ)

வணக்கம் அண்ணை. நானும் கன காலம் விட்டுப்போட்டுத் திரும்பக் கிற்றார் எடுத்தனான், அதால எழுதுறன். தந்தியின்ர இழுவிசை நீளத்தின்ர வர்க்கத்தோட மாறும். 25.5 அங்குலத்தில இருக்கிற அதே தந்தியை 24.75 அங்குலத்தில அதே சுருதிக்குக் கட்டினால் கிட்டத்தட்ட 6 வீதம் குறையும். ஆனால் 10 செற்றில (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிப்பு) இருந்து 9 செற்றுக்கு (0.009) மாறினால், 25.5 அங்குலக் கிற்றாரில முதல் தந்தி மட்டும் 7.3 கிலோவில இருந்து 5.9 கிலோவுக்கு இறங்கும். ஐந்தில ஒரு பங்கு. அதால இழுவிசைக்காக லெஸ் போல் வாங்கத் தேவையில்லை. எந்தக் கிற்றார் எண்டாலும் 9–42 போட்டாக் காணும். விரல்நுனி காய்க்கிறதுக்கு ஒரு மாதமளவில எடுக்கும், அது வரைக்கும் கட்டாயம் 9.

இன்னொண்டு. இங்க லோங் அன்ட் மக்குவேட் கடையில கிற்றாரை மாத வாடகைக்கு எடுக்கலாம். நான் அப்பிடித்தான் ரெண்டு மூண்டு வீட்டில வைச்சுப் பார்த்தனான். கடையில பத்து நிமிசம் வாசிக்கேக்க எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வேலையால வந்து களைச்சுப்போய்க் கதிரையில இருந்து வாசிக்கேக்கதான் பாரம் தெரியும். லெஸ் போல் 4 கிலோவுக்கு மேல வரும். அங்க வாடகைக்குக் கிடையாதெண்டால் தெரிஞ்ச ஆரிட்டயாவது ஒரு கிழமைக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

இசைப்பொறி

இழுவிசையை விடுங்கண்ணே, அவர் கேட்டது விரல் விரியறதை. நட்டுலேர்ந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் 25.5-ல 134 மி.மீ., 24.75-ல 130 மி.மீ. நாலு மில்லிமீட்டர் சுண்டுவிரலுக்குப் பெரிய விஷயம்.

பட்டறைக்காரர்

நாலு மி.மீ. உண்மைதான் தம்பி. ஆனா அதைவிடப் பெரிய வித்தியாசம் நெக்கிலேயே இருக்கு. ஸ்ட்ராட் ஸ்கேல்ல முதல் ஃப்ரெட்லேர்ந்து நாலாவது வரை 97 மி.மீ. அதே நாலு விரல் வரிசையை அஞ்சுலேர்ந்து எட்டு வரை வெச்சா 77 மி.மீ. சாருக்கு முதல் ரெண்டு மாசம் அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல பயிற்சி பண்ணச் சொல்லுவேன். கார்டுக்கு மூணாவது ஃப்ரெட்ல கேப்போ (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தற கிளிப்) போட்டுக்கலாம். விரல் இளகினதும் கீழ இறங்கலாம்.

விரல்நுனி எரியறது வேற, மூட்டு வலி வேற. நுனி எரிச்சலைப் பொறுத்துக்கலாம். கட்டைவிரல் அடியிலயோ மணிக்கட்டுலயோ வலிச்சா அந்த நிமிஷமே கிடாரை வெச்சுடுங்க. மறுநாளும் வலி இருந்தா டாக்டரைப் பாருங்க.

மாயாமாளவம் (சென்னை)

மகளுடன் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு இந்த இழையிலேயே முக்கியமான வரி அதுதான்.

எலக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் புதிதல்ல. 1980-களிலேயே சுகுமார் பிரசாத் கச்சேரி மேடையில் வாசித்தார். ஆர். பிரசன்னா அதைத் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார். யூ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் செய்ததும் இதே திசைதான். இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். ஒற்றைத் தந்தியை இழுப்பது எளிது. ஒலியைப் பெருக்கினால் மெல்லிய தந்தியும் நீண்டு ஒலிக்கும். கமகத்துக்கு வேண்டியது இவை இரண்டும்தான்.

கிடார் தேர்வில் இதை எப்படிப் பயன்படுத்துவது? வீணையை அருகில் வைத்துப் பாருங்கள். மெழுகின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டு, அதன் மேல் பக்கவாட்டில் இழுபடும் தந்தி. விரல் பலகையைத் தொடுவதே இல்லை. கிடாரிலும் ஃப்ரெட் சற்று உயரமாக இருந்தால் விரல் மரத்தில் உரசாது, தந்தியை இழுப்பதும் அசைப்பதும் சுலபமாகும். ஜான் மெக்லாஃப்லின் சக்தி குழுவில் வாசித்த கிடாரில் ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கியிருந்ததும் இதற்காகத்தான். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஃப்ரெட் தேய்ந்து தட்டையாகிப்போன பழைய கிடார் மட்டும் வேண்டாம்.

வளைவைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு மாறுபாடு. 9.5 ஆரத்தில் கமகம் வராது என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்‌ஷனைக் (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம்) கொஞ்சம் உயர்த்தினால் வரும். ஜாரு கமகங்கள் ஒரே தந்தியின் நீளத்தில் சறுக்கி வாசிப்பவை, அவற்றுக்கு ஆரம் எதுவானாலும் ஒன்றுதான். தோடி காந்தாரம் போன்ற ஆழ்ந்த அசைவுகளில்தான் வித்தியாசம் தெரியும்.

பெண் குரலுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 5½ கட்டை சுருதி இருக்கும். 5 என்றால் ஜி. வழக்கமான ட்யூனிங்கிலேயே மூன்றாம் தந்தி திறந்த நிலையில் ஜி, ஆறாம் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டும் ஜி. 5½ ஆனால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் அதே விரல்கள் செல்லும். தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டி வாசிப்போரும் உண்டு. சினிமாப் பாட்டுக் கார்டுகளும் வாசிக்கப் போகிறவருக்கு அது வேண்டாம் என்பேன். நெக் பிக்கப்பை மட்டும் வைத்து, டோனைப் பாதிக்குக் குறைத்து, பிளெக்ட்ரத்தை விட்டு விரலால் மீட்டிப் பாருங்கள். மகளின் குரலை மறைக்காது.

பீளமேடுவாசி

சார், இது எனக்குத் தோணவே இல்ல. பொண்ணுக்கு 5½ கட்டைதான். கேப்போ போட்டா போதும்னு நீங்க சொன்னதும் பாதி பயம் போயிடுச்சு.

ஈட்டிமரம் (கூடலூர்)

மரத்தைப் பத்தி ஒரு விஷயம். இன்டர்நெட்ல "இந்த கிடார்ல ரோஸ்வுட் இல்ல, லாரல்தான் போட்டிருக்கான், மட்டம்"னு எழுதறாங்க. அதைப் படிச்சுட்டு யாரும் குழம்ப வேண்டாம். ரோஸ்வுட்னா நம்ம ஈட்டி, அதைத் தோதகத்தின்னும் சொல்லுவாங்க. அந்த இனம் முழுக்க 2017 ஜனவரி 2-லேர்ந்து சைட்டீஸ் (அழியற உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற) உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துச்சு. அந்த மரம் போட்ட கிடாரை நாடு விட்டு நாடு விக்க அனுப்பினா பேப்பர் தேவைப்பட்டுது. அந்தச் சமயத்துல விலை குறைஞ்ச கிடார் செய்றவங்க வேற மரத்துக்கு மாறினாங்க. அதுல ஒண்ணுதான் இந்தியன் லாரல், அதாவது நம்ம கருமருது. 2019 நவம்பர்ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. ஆனா லாரல் அப்படியே தங்கிடுச்சு.

கருமருது எங்க பக்கம் கட்டட வேலைக்கும் போற உறுதியான மரம். ஃப்ரெட்போர்டுக்கு என்ன குறைச்சல்? நிறம் கொஞ்சம் வெளுப்பு, நரம்பு தெரியும், புதுசுல காஞ்ச மாதிரி இருக்கும். தந்தி மாத்தும்போது துளி மினரல் ஆயில் துணியில தொட்டுத் துடைச்சா கருத்துடும். மேப்பிள் போர்டு வார்னிஷ் போட்டது, அதுக்கு எண்ணெய் வேண்டாம்.

இசைப்பொறி

போர்டு சரி. பாடி மரம்? மஹோகனி கிடார் ஒலியும் பாப்ளர் கிடார் ஒலியும் ஒண்ணா?

ஆறாம்தந்தி

காந்தத்துக்கு மேல ஆடற எஃகுத் தந்தியைத்தான் பிக்கப் பிடிக்குது தம்பி. பிக்கப், அது எந்த இடத்துல இருக்கு, ஆம்ப், ஸ்பீக்கர், விரல், இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் பாடி மரம். அதுவும் ராத்திரி ஹெட்போன்ல வாசிக்கறவருக்கு மரத்தோட எடை மட்டும் பார்த்தா போதும்.

இசைப்பொறி

ஒத்துக்க மாட்டேன்ணே. லெஸ் பாலை மடியில வெச்சு ஒரு கார்டு அடிச்சா நெஞ்சுல அதிர்றது தெரியும். அது வாசிக்கறவனுக்குக் கிடைக்கற சந்தோஷம், அதுக்கும் கணக்கு உண்டு. ஆனா இவர் பட்ஜெட்டுக்கு அதை வெச்சு முடிவு பண்ண வேண்டாம், அது சரி.

கேலாங்கதம்பி (சிங்கப்பூர்)

பழசு வாங்கறதைப் பத்தி யாரும் சொல்லலையே. இங்க சிட்டி ஹால் பக்கத்துல பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல கிடார் கடை நிறைய. சொந்தக்காரங்க யாராச்சும் இங்க இருந்தா பார்த்து வாங்கச் சொல்லலாம். ஸ்ட்ராட், டெலி (டெலிகாஸ்டர்), பசிஃபிக்கா மூணுலயும் நெக் நாலு திருகாணியிலதான் நிக்குது. தந்தியைத் தளர்த்தி, நெக்கைக் கழட்டி, துணி சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சு எடுத்துட்டு வரலாம். லெஸ் பால்ல நெக் ஒட்டினது, கழட்ட முடியாது. ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்கற தலைப்பகுதி) வேற பின்பக்கம் சாஞ்சு இருக்கறதால விழுந்தா அங்கதான் உடையும்.

பழசு பார்க்கும்போது எல்லா ஃப்ரெட்லயும் எல்லாத் தந்தியையும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க. குமிழ்களைத் திருப்பும்போது கரகரன்னா தூசு, க்ளீனர் அடிச்சா போயிடும். ஜாக்ல கேபிளை ஆட்டினா சத்தம் விட்டு விட்டு வந்தா சாக்கெட் மாத்தணும், அதுவும் சின்னச் செலவு. டிரஸ் ராட் ஏற்கெனவே கடைசி வரை முறுக்கியிருந்தா மட்டும் விட்டுடுங்க. கிப்சன்னு சொல்லி ரொம்ப மலிவா வந்தா, ஹெட்ஸ்டாக்ல டிரஸ் ராட் மூடியைப் பாருங்க. ஒரிஜினல்ல ரெண்டு திருகாணி. போலியில மூணு இருக்கறது நிறையப் பார்க்கலாம்.

பீளமேடுவாசி

கேலாங் தம்பி, நன்றி. ஆனா நானே கையில தொட்டுப் பார்த்து வாங்கணும்னு இருக்கேன், இங்கயே பார்க்கறேன். ஆம்ப் பத்தி இன்னும் தெளிவு இல்ல. ராத்திரி ஹெட்போன்தான். கிடார்ல நேரா செருகற குட்டி ஆம்ப் போதுமா?

ஆறாம்தந்தி

வாக்ஸ் ஆம்ப்பிளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ ரெண்டும் பாருங்க. ஆம்ப்பிளக் மலிவு, ஒரே மாதிரியான ஒலி. மஸ்டாங் மைக்ரோவுல பல ஆம்ப் ஒலி இருக்கு, செல்போன்லேர்ந்து ப்ளூடூத்ல பாட்டு ஓட விட்டுக் கூட வாசிக்கலாம். பழைய பாட்டுகளோட சேர்ந்து வாசிக்க நினைக்கறவருக்கு அது பெரிய வசதி. ஹெட்போன் மட்டும் வயர் வெச்சதா இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போன்ல விரல் அடிச்சதுக்கும் காதுல கேக்கறதுக்கும் நடுவுல தாமதம் வரும், தாளம் பிடிக்காது.

மாயாமாளவம்

மகளுடன் வாசிக்க ஸ்பீக்கர் வேண்டும். அவள் எதிரில் உட்கார்ந்து பாடும்போது நீங்கள் காதை அடைத்துக்கொண்டிருக்க முடியாது. சிறிய ஆம்ப் ஒன்றையும் கணக்கில் சேருங்கள்.

பட்டறைக்காரர்

அப்படின்னா பாஸ் கட்டானா வரிசையில 50 வாட் மாடலைப் பாருங்க. அதுல சக்தியை அரை வாட்டுக்கு இறக்கற சுவிட்ச் இருக்கு, ஹெட்போன் சாக்கெட்டும் இருக்கு. ராத்திரிக்கும் ஆச்சு, பொண்ணோட வாசிக்கவும் ஆச்சு. பட்ஜெட்டை மீறினா கட்டானா மினி போதும், பேட்டரியிலயும் ஓடும்.

ஆம்ப் மாட்டறதுக்கு முன்னாடி வீட்டு எர்த்தைப் பார்த்துடுங்க. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. இரைச்சல்னு என்கிட்ட வர்ற கிடார்ல பல கிடார் நல்ல கிடார், கோளாறு வீட்டுல இருக்கும். தந்தியைத் தொட்டா இரைச்சல் குறையுது, கையை எடுத்தா கூடுதுன்னா, கிடார்க்குள்ள வயர் சரியா இருக்கு, உங்க உடம்புதான் சுத்தி இருக்கற மின் இரைச்சலைப் பிக்கப்புக்குக் கொண்டு வருதுன்னு அர்த்தம். தொட்டா கூடுதுன்னா, இல்ல விரல்ல சுருக்குன்னா, உடனே ஆம்ப்பை அணைச்சுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு பின் பிளக்ல எர்த் பின்னைக் கழட்டி வாசிக்கறவங்க உண்டு, உயிருக்கே ஆபத்து. ஃபேன் ரெகுலேட்டர், லைட் டிம்மர் இதெல்லாம் சிங்கிள் காயிலுக்கு எதிரி. ஃபேனை முழு வேகத்துல வெச்சோ அணைச்சோ பார்த்தா எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சுடும்.

பீளமேடுவாசி

கடைக்குப் போயிட்டு வந்துட்டேன். நீங்க எல்லோரும் சொன்னதைத் தாளில் எழுதி எடுத்துட்டுப் போனேன். கடைக்காரத் தம்பி பொறுமையா எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

லெஸ் பாலை முதல்ல எடுத்தேன். இசைப்பொறி தம்பி, நீங்க சொன்ன அதிர்வு உண்மை. ஒரு கார்டு அடிச்சதும் விட மனசு வரல. ஆனா ஸ்ட்ராப் போட்டு நின்னு வாசிச்சப்போ இடது தோள் சீக்கிரமே கனத்துப் போச்சு. விலையும் எட்டல.

கிளாசிக் வைப் நெக் அப்படியே கைக்குள்ள உட்கார்ந்தது, எஃப் கார்டு சுலபமா வந்தது. ஆனா அவங்க கடையிலயே ஆம்ப்ல மாட்டினதும் உய்ங்ன்னு சத்தம். ஃபேனை அணைச்சதும் குறைஞ்சுது. வீட்டுல ஃபேன் இல்லாம நான் வாசிக்க முடியாது.

பசிஃபிக்கா 112வி ரெண்டு பீஸ் இருந்தது. முதல் பீஸ்ல ஃப்ரெட் நுனி கையில குத்துச்சு. ரெண்டாவதுல குத்தல. நெக் நேரா இருந்தது, முறுக்கு இல்ல. 41 மி.மீ. அகலத்துல டி கார்டு பிடிக்கும்போது விரல் கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கு. அரைமணி நேரம் வாசிச்சப்புறம் பழகிடுச்சு. டோன் குமிழை இழுத்து ஒத்தைக் காயில்ல வெச்சு ஒரு பழைய பாட்டோட கார்டு வாசிச்சேன். கூட வந்த பொண்ணு "அப்பா, அந்தப் பாட்டுதானே"ன்னு கேட்டா. அந்த ரெண்டாவது பீஸையே வாங்கிட்டேன். பில்லுக்கு முன்னாடி அதோட சீரியல் நம்பரைக் குறிச்சுக்கிட்டு, அதே பீஸ்தான் பைக்குள்ள போகுதான்னு பார்த்தேன். மிச்சத்துல கட்டானா மினி, கேப்போ, ஸ்ட்ராப். செட்டப்புக்குத் தனியா காசு எடுத்து வெச்சிருக்கேன்.

இசைப்பொறி

வாழ்த்துக்கள்ணே. லெஸ் பாலுக்கு இன்னொரு வருஷம் பார்த்துக்கலாம்.

ஸ்காபரோக்குளிர்

நல்ல முடிவு அண்ணை. பசிஃபிக்கா இந்தோனேசியாவில செய்யிறது, அங்கத்தைய ஈரத்தில இருந்து உங்கட ஈரத்துக்கு வாறதால மரத்துக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது. இங்க மாரியில ஹீற்றர் போட்டால் மரம் காய்ஞ்சு ஃப்ரெட் எல்லாம் வெளிய வந்திடும், நாங்கள் ஈரப்பதனை 45–50 வீதத்தில வைச்சிருக்கப் படாத பாடு படுறம். நீங்கள் ஏசி அறையில வைச்சால் மட்டும் பைக்குள்ள மூடி வையுங்கோ.

பீளமேடுவாசி

கடைசியா ஒரு கேள்வி. கூட வந்த தந்தியை மாத்தி 9 போடலாமான்னு யோசிக்கறேன். ஸ்ட்ராட் மாதிரி ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால அசைச்சு சுருதியை மாத்தறது) இருக்கு. நானே மாத்தலாமா, பட்டறைக்குக் கொடுக்கணுமா?

பட்டறைக்காரர்

112வி பெரும்பாலும் 9-லதான் வரும், முதல்ல அளந்து பாருங்க. மாத்தறதா இருந்தா நீங்களே மாத்தலாம். எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க. ஒண்ணைக் கழட்டி, புதுசைப் போட்டு, சுருதிக்குக் கொண்டு வந்துட்டு அடுத்ததைத் தொடுங்க. பிரிட்ஜை ஒரு பக்கம் தந்தி இழுக்குது, பின்பக்கம் ஸ்பிரிங் இழுக்குது, ரெண்டும் சமமா நிக்கறதாலதான் அது இடத்துல இருக்கு. ட்ரெமோலோ கைப்பிடியை நீங்க உபயோகப்படுத்தப் போறதில்லைன்னா பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் பிடிச்சிருக்கற கொக்கியோட ரெண்டு திருகாணியையும் கொஞ்சம் இறுக்கினா பிரிட்ஜ் பாடியோட படிஞ்சு நின்னுடும். சுருதி அதுக்கப்புறம் லேசில கலையாது. கமகத்துக்கு ஒரு தந்தியை இழுக்கும்போது மத்த தந்திகள் சுருதி இறங்காம இருக்கவும் அதுதான் வழி.

புதுத் தந்தியை மாட்டினதும் பன்னிரண்டாவது ஃப்ரெட் கிட்ட மெதுவா மேல இழுத்து விடுங்க, திரும்பச் சுருதி சேருங்க. இறங்காத வரைக்கும் அப்படிப் பண்ணுங்க. வாசிச்சு முடிச்சதும் தந்தியோட அடிப்பக்கமும் படற மாதிரி துணியால துடைச்சுடுங்க, நம்ம ஊர் வியர்வைக்குத் துரு அங்கதான் பிடிக்கும். அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்ல ஸ்கேல் வெச்சு அளங்க: ஆறாம் தந்தி 2 மி.மீ., முதல் தந்தி 1.5 மி.மீ. மாயாமாளவம் சார் சொன்ன அசைவுகளுக்கு முதல் மூணு தந்தியை 1.8 வரைக்கும் ஏத்திப் பாருங்க. அளவை இங்கயே எழுதுங்க, எந்தத் திருகாணியை எவ்வளவு திருப்பணும்னு சொல்றேன்.

பீளமேடுவாசி

ஆறாவது 2.4, முதல் தந்தி 1.9 இருக்கு அண்ணா. எஃகு ஸ்கேல்ல அளந்தேன்.

பட்டறைக்காரர்

நெக் குழியைப் பார்த்து கால் மி.மீ.க்கு மேல இருந்தா முதல்ல அதைச் சொல்லுங்க. அது சரியா இருந்தா, பிரிட்ஜ்ல ஆறாம் தந்தியோட சேடில்ல (தந்தி தங்கற சின்னத் துண்டு) ரெண்டு சின்ன அலென் திருகாணி இருக்கும். ரெண்டையும் ஒரே அளவு, கால் சுத்து இடப்பக்கம் திருப்புங்க, மறுபடி சுருதி சேர்த்துட்டு அளங்க. 2 வந்ததும் நிறுத்துங்க. முதல் தந்தியை அதே மாதிரி லேசா இறக்கி 1.8-ல விடுங்க, அதுக்கு மேல தொட வேண்டாம்.